சட்டையைப் பிடித்தவன்

பதினோரு வருசம்
தவசீலனின் முதுகைப் பார்த்து ஓடியவன் நான்.
மஞ்சள் சட்டை, எட்டாம் நம்பர்,
வீட்டிலேயே கறுப்புச் சாயத்தில் எழுதியது.
மழை பிடித்தால் எட்டு கரைந்து
காற்சட்டை வரை ஒழுகும்.
மழை பிடிக்காத ஞாயிறு எங்களுக்கு ஏது?

ஊசிமலைத் தோட்டத்து இருளாண்டி குடும்பம் என்றால்
பொகவந்தலாவை முழுக்கத் தெரியும்.
தகப்பன் கோல் காத்தவர்,
இடக்கையில் இரண்டு விரல் மடங்காது.
தாய் ராக்கம்மா சித்திரைப் போட்டியில்
கொழுந்துக்கூடையோடு ஓடிப்
பித்தளைக்குடம் வாங்கியவள், ஆறு மாசக் கர்ப்பத்தில்.
வயிற்றில் இருந்தது தவசீலன்தான் என்பார்கள்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை.
அக்கா சரோஜினி வலைப்பந்து.
அண்ணன் குணபாலன்
முழங்கால் போனதும் விசில் வாங்கிக்கொண்டான்.
எங்கள் கல்லுப்பாலத்து லயத்தில்
ஓடியவர்கள் எல்லாம்
கடன்காரனைக் கண்டு ஓடியவர்கள்தான்.

வலப்பக்கம் போவதுபோலத் தோளைக் காட்டுவான்.
போகமாட்டான் என்று எனக்குத் தெரியும்.
தெரிந்தும் என் உடம்பு போய்விடும்.
திரும்பிப் பார்த்தால்
இடது காலில் பந்து, வலையில் பந்து,
கரையில் குடை பிடித்த பெண்களின் கூச்சல்.
கொழுந்து மலைக்குள் விழுந்த பந்தை
எடுத்து எறிகிறவள்கூட
அவன் பக்கம் பார்த்துத்தான் எறிவாள்.

திங்கள் காலை ஆறரைக்குப் பிரட்டு.
மூன்று கோல் போட்டவனும்
மூன்றையும் வாங்கியவனும்
அவனவன் மலையில்
கவ்வாத்துக் கத்தியோடு குனிய வேண்டும்.
பிந்தினால் அரைப்பேர்.
கணக்கப்பிள்ளைக்குக் கோல் கணக்கு வேண்டாம்.

எண்பத்திரண்டில் கொழும்புக் கழகமொன்று கூப்பிட்டது.
ஆறு ஆட்டம், ஐந்து கோல்.
பேப்பரில் பேர் வந்தது, 'தவசிலன்' என்று,
ஒரு கொம்பு குறைந்து.
தேசிய அணிக்கு ஆள் எடுத்தபோது
பிரசாவுரிமைப் பத்திரம் கேட்டார்கள்.
தகப்பனின் விண்ணப்பம்
கச்சேரியின் எந்த அலுமாரியில் கிடந்ததோ.
நாட்டுக்கு ஆட முதலில் ஒரு நாடு வேண்டுமாம்.
இரவு ரயிலில் ஹட்டனுக்கு வந்து இறங்கினான்.
அடுத்த ஞாயிறு எங்களோடு ஆட்டம்.
பாவம் என்று நானும் சற்றுத் தள்ளியே நின்றேன்.
இரக்கப்பட்டதற்கு நாலு கோல்.

இனி ஒளித்து என்ன?
குணபாலன் விசிலோடு நிற்கும் நாளில்
தவசீலனை எதுவும் செய்யலாம்.
முழங்கையால் இடிக்கலாம், காலைத் தட்டலாம்,
சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுக்கலாம்.
தம்பிக்கு ஊதினான் என்ற பேச்சுக்குப் பயந்து
அண்ணன் வானத்தைப் பார்ப்பான்.
தின்னத் தெரிந்தவர்கள் நாங்கள், தின்றோம்.
ராக்கம்மா மட்டும் கரையிலிருந்து
என் பரம்பரையைத் தோண்டி எடுத்து ஏசுவாள்.

எண்பத்தொன்பது, நோர்வூட், கடைசி ஆட்டம்.
கோல் கம்பம் தெரியாத பனி.
கடைசி நிமிடம், ஒன்றுக்கு ஒன்று.
பெட்டிக்குள் அவன் விழுந்தான்.
சத்தியமாக நான் தொடவில்லை,
அந்த ஒருமுறை தொடவில்லை. சேற்றில் வழுக்கினான்.
பனிக்குள்ளிருந்து விசில்.
குணபாலன் பெனால்டி இடத்தைக் காட்டி நின்றான்,
கை நடுங்க.
பதினோரு வருசத்து ஊதாத விசில் எல்லாம்
சேர்த்து ஊதியதுபோல நீளமாக ஊதினான்.

தவசீலன் என்னைப் பார்த்தான்.
வேண்டுமென்றே வெளியே அடித்தான்,
நேர்மையானவன் என்று
சொல்வேன் என எதிர்பார்க்கிறீர்களா?
இடது மூலையில் போட்டான்.
போட்டுவிட்டு எனக்குக் கண்ணடித்தான்.

அந்தக் கோப்பையில்தான் இப்போது
அவன் வீட்டில் தேயிலைத்தூள் இருக்கிறது.
போன தைப்பூசத்தன்று பஸ் தரிப்பிடத்தில்
இருவரும் பிரஷர் மாத்திரை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.
எந்தப் பையன் அடித்தானோ,
ரோட்டைத் தாண்டி ஒரு பந்து உருண்டு வந்தது.
அவன் தோள் வலப்பக்கம் சாய்ந்தது.
என் உடம்பும் போனது.
ஆனால் கை மட்டும்
அவன் சட்டையைப் பிடித்திருந்தது.